அன்னதானச் சங்கத்துக்கு மூலநிதி சேர்ப்பது எப்படி: ஒரு பொருளாளரின் கணக்கு

எங்கள் சங்கத்துச் சமையற்கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. 1992ஆம் ஆண்டுக் கல். ஒரு பாட்டியம்மாவின் பெயர், அவர் கொடுத்த தொகை ரூபாய் 1,000, அதற்குக் கீழே 'ஆண்டுதோறும் ஐப்பசி 9ஆம் நாள் கஞ்சி வார்க்க' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நான் பொருளாளர் பொறுப்பை ஏற்ற மறு ஆண்டு, 2013இல், அதே ஐப்பசி 9 அன்று சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்து நின்றார். தோளில் பை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "எங்கள் பாட்டியின் கஞ்சி இன்றைக்குத்தானே?" என்று கேட்டார். அன்று யாரோ மகளின் பிறந்தநாளுக்குக் கொடுத்த பணத்தில் எலுமிச்சைச் சோறு நடந்துகொண்டிருந்தது. பேரேட்டைப் பிரித்துக் காட்டினேன். பாட்டி கொடுத்தபோது வங்கி வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆண்டுக்கு 120 ரூபாய். அந்தக் காலத்தில் அது எட்டுக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ பயறும் வாங்கி ஐம்பது பேருக்குக் கஞ்சி வார்க்கப் போதும். 2013இல் வட்டி 90 ரூபாய். இரண்டு கிலோ அரிசி வரும். அசல் அப்படியே பத்திரமாக இருந்தது, ஒரு பைசா குறையவில்லை. ஆனால் கட்டளை, அதாவது அந்தப் பணத்தால் நடக்க வேண்டிய தருமம், எப்போதோ செத்துப்போயிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பையன் கோபப்படவில்லை. வாழைப்பழத்தைச் சமையல் அம்மாளிடம் கொடுத்துவிட்டு, பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்து போனார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

முப்பத்தோரு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவள் நான். அதனால் இந்தக் கட்டுரையில் பக்தியைவிடக் கணக்குத்தான் அதிகம் இருக்கும். எங்கள் சங்கம் கடலூரில், மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கிறது. வள்ளலார் வழியில் நடக்கும் சிறிய சன்மார்க்க சங்கம். நாள்தோறும் எழுபது பேருக்கு மதியச் சாப்பாடு. இதைப்போல ஓர் அன்னதானமோ முதியோர் இல்லமோ மருந்துதவியோ நடத்துகிறவர்கள், சமயம் எதுவானாலும், மூலநிதி திரட்ட நினைத்தால் இதைப் படிக்கலாம்.

மூலநிதி என்றால் அசலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவழிக்கும் பணம். நமக்கு இது புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகள் விடுவார்கள். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும். மந்தை எண்ணிக்கை குறையாது. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். இதில் இரண்டு சூட்சுமங்கள் உள்ளன. ஒன்று, வருவாயைக் காசாகச் சொல்லவில்லை, நெய்யாகச் சொன்னார்கள். நெய் விலை ஏறினாலும் விளக்கு அணையாது. இரண்டு, குட்டிகளையும் சேர்த்து விற்றுவிட்டால் மந்தை அழிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் தின்றுவிட்டு, பணம் தானாகக் குட்டி போடும் என்று நம்புகிறோம்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கும் திருபுவனையிலும் அப்படித்தான். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச்சாலையைப் பற்றிச் சொல்கிறது. அதற்கும் காசு வைக்கவில்லை, நிலம் விட்டார்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கியபோதும் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நம்மைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு 80 காணி யாரும் தரப்போவதில்லை. வைப்புத்தொகை ரசீதுதான் நமக்கு நிலம். அது நிலத்தைப் போல விளைய வேண்டுமானால் கணக்கைத் திருத்த வேண்டும்.

ஒரு நாளின் விலை

முதலில் உங்கள் ஒரு நாள் செலவைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் எடை போட்டுக் கண்டுபிடியுங்கள். நான் ஒரு வாரம் சமையற்கூடத்திலேயே தராசோடு உட்கார்ந்தேன். எங்கள் எழுபது இலைக்கு வந்த கணக்கு இது: அரிசி 500 ரூபாய், பருப்பு 260, காய்கறி 320, எண்ணெய் 150, புளி மிளகாய் உள்ளிட்ட மளிகை 150, மோர் 160, எரிவாயு 460, சமையலுக்கும் பாத்திரம் துலக்கவும் இருவர் கூலி 800. மொத்தம் 2,800. ஓர் இலைக்கு நாற்பது ரூபாய். இதைச் செய்வதற்கு முன்னால் எங்கள் செயற்குழுவில் ஒருவர் இருபது ரூபாய் என்றும் இன்னொருவர் அறுபது என்றும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். பலர் கூலியையும் எரிவாயுவையும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பசித்தவனுக்குப் பச்சரிசியை அள்ளிக் கொடுக்க முடியாது.

இப்போது ஒரு நாளை நிரந்தரமாக நடத்த எவ்வளவு மூலநிதி வேண்டும்? வட்டி நூற்றுக்கு ஆறரை என்றும், உணவுச் செலவு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 43,000 ரூபாய் வாங்கினால் முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 2,800 வந்துவிடும். பெரும்பாலான சங்கங்கள் இந்த வகுத்தலோடு நின்றுவிடுகின்றன. மறு ஆண்டே செலவு 2,940 ஆகிவிடும். துண்டு விழ ஆரம்பிக்கும்.

75,000 வாங்கினால் முதல் ஆண்டு வட்டி 4,875. சாப்பாட்டுக்கு 2,800 போக மீதி 2,075ஐ அசலோடு சேர்க்கிறோம். இதுதான் குட்டி. இப்படியே ஆண்டுதோறும் மிச்சத்தைச் சேர்த்து வந்தால் பதினெட்டு ஆண்டுவரை வட்டியே போதும். அதற்குப் பின் செலவு வட்டியைத் தாண்டிவிடும். அப்போதும் பிடிவாதமாக முழுச் சாப்பாடு போட்டால் முப்பத்தேழாவது ஆண்டில் அசலும் தீர்ந்துபோகும். உண்மையிலேயே சாவா மூவாத் தொகை எவ்வளவு என்றால், இதே அனுமானத்தில் ஏறத்தாழ 1,87,000 ரூபாய். வட்டிக்கும் விலையேற்றத்துக்கும் உள்ள ஒன்றரை விழுக்காடு இடைவெளிதான் உண்மையான வருவாய். 2,800ஐ அந்த ஒன்றரை விழுக்காட்டால் வகுத்துப் பார்த்தால் இந்தத் தொகை வரும்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது, "இவ்வளவு கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் அம்மா" என்று தலைவர் ஐயா கையை விரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு படியாக வைத்தோம். 75,000 கொடுப்பவருக்குப் 'பதினெட்டாண்டுக் கட்டளை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு குடும்பத்தார் கூடுதல் தொகை சேர்க்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பெயர்கள் ஒரே நாளைப் பகிர்ந்துகொள்ளும். 1,87,000 கொடுப்பவருக்கு மட்டும்தான் 'நிரந்தரம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். கணக்குத் தாளையும் கையில் கொடுத்துவிடுகிறோம். இப்படி உடைத்துச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பெரிய தொகை கொடுப்பவர்களே வந்தார்கள். பதினெட்டு ஆண்டு என்று ஒருவர் நேர்மையாகச் சொல்லும்போது, கேட்பவர் தன் வயதைக் கூட்டிப் பார்க்கிறார்.

ஆண்டின் 365 நாளுக்கும் மூலநிதி திரட்ட ஆசைப்படாதீர்கள். 75,000 வீதம் அது இரண்டே முக்கால் கோடி. அதை நினைத்தே சோர்ந்துபோவீர்கள். உங்கள் வரவுப் பதிவேட்டைப் புரட்டி, எந்த நாட்கள் காய்ந்து கிடக்கின்றன என்று பாருங்கள். எங்களுக்குத் தை மாதத்தில் இடமே இருக்காது. தைப்பூசத்தை ஒட்டி அரிசி மூட்டைகள் திண்ணைவரை அடுக்கியிருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும்தான் பஞ்சம். மழை, தீபாவளிச் செலவு, வெளியூர்க்காரர்கள் வர முடியாத வெள்ளம். பசியும் அப்போதுதான் அதிகம். கூலி வேலை நின்றுவிடும். எனவே அந்த இரண்டு மாதத்து அறுபது நாட்களுக்கு மட்டும் என்று இலக்கு வைத்தோம். 45 லட்சம். இதுவரை இருபத்தொன்றரை லட்சம் சேர்ந்திருக்கிறது. கேட்பவர்களுக்கும் 'மழைக்கால அறுபது நாள்' என்றால் சட்டென்று புரிகிறது.

கேட்பது

அரிசி மூட்டை கேட்டால் அரை மணியில் வந்துவிடும். மூலநிதி கேட்டால் முகம் மாறும். காரணம் எளிது: அரிசி கொடுத்தால் புண்ணியம் இலையில் ஆவி பறக்கத் தெரியும், வைப்பு ரசீதில் ஆவி பறக்காது. ஆகவே தைப்பூசக் கூட்டத்தில் மேசை போட்டு மூலநிதி கேட்பது வீண். நாங்கள் ஒரு வருடம் செய்து பார்த்தோம். பந்தல் வாடகைக்குக்கூடத் தேறவில்லை.

மூலநிதிக்கு ஒரு மனிதரை மூன்று முறையாவது சந்திக்க வேண்டும். நெய்வேலியில் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்து ஓர் ஆண்டு முடிந்த பிறகே அவரைப் பார்க்கப் போனேன். (பதினாறாம் நாளில் போய் நிற்காதீர்கள். அந்த வீட்டில் அன்று எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.) முதல் முறை பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை, ஒரு நாள் வந்து பரிமாறுங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். சாம்பார் வாளியோடு வரிசையில் போனவர் ஒரு கிழவியின் இலைமுன் நின்றுவிட்டார். அவள் பாதிச் சோற்றை உருட்டி, முந்தானைக்குள் வைத்திருந்த தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். "வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். "இல்லை தம்பி, இது ராத்திரிக்கு" என்றாள். அவர் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார், அவள் அதையும் சட்டிக்குள் போட்டாள்.

மூன்றாவது சந்திப்பில்தான் கணக்குத் தாளைக் காட்டினேன். இரண்டு நாளுக்குக் கொடுத்தார், பத்து மாதத் தவணையில். ஒன்று மனைவியின் பெயருக்கு. மற்றதற்குப் பெயர் வேண்டாம் என்றார்.

தவணை கேட்க வெட்கப்படாதீர்கள். மாதம் 7,500 வீதம் பத்து மாதம் என்றால் ஓய்வூதியக்காரர்களும் யோசிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். மாதாமாதம் பணம் தானாக மாறும்படி வங்கியில் நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மாதாமாதம் போய் நினைவூட்டுவது உறவையே கெடுத்துவிடும்.

எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. நான் முதலில் 'திதிக் கட்டளை' என்றுதான் அச்சடித்தேன். வள்ளலார் திதி, கருமாதி போன்ற சடங்குகளே வேண்டாம் என்றவராயிற்றே, அவர் பெயரில் நடக்கும் சங்கம் திதியை விற்கலாமா என்று மூத்த அன்பர் ஒருவர் பொதுக்குழுவில் எழுந்து கேட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், ஆனால் அவர் சொன்னது சரி. 500 நோட்டீசுகளைக் கிழித்துப் போட்டு 'நினைவு நாள் கட்டளை' என்று மாற்றினோம். உங்கள் சமயத்திலும் இப்படி ஒரு முள் இருக்கும். பணம் வாங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறிக்கும் கல்வெட்டு விஷயம் சுருக்கமாக: எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. இரட்டிப்பு அளவு கேட்டவரிடம், சுவரும் சங்கத்துடையது, எழுத்தும் சங்கத்துடையது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

காகிதம்

இங்கேதான் நல்ல சங்கங்களும் வழுக்கி விழுகின்றன. ஒருவர் கொடுக்கும் பணம் மூலநிதியா, சாதாரண நன்கொடையா என்பதை முடிவு செய்வது உங்கள் மனம் அல்ல, கொடுத்தவர் எழுதிய கடிதம். 'இது மூலநிதியில் சேர வேண்டும்' என்று அவர் குறிப்பாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருமான வரித்துறை அதைச் சாதாரண வருமானமாகவே பார்க்கும். அதில் 85 விழுக்காட்டைச் செலவழிக்க வேண்டியவர்கள் ஆகிவிடுவீர்கள். அதனால் உண்டியலில் பெயரில்லாமல் விழுந்த பணத்தை மூலநிதி என்று நீங்களாக எழுதிக்கொள்ள முடியாது. நாங்கள் பயன்படுத்தும் கடிதம் இது:

"நான் அளிக்கும் ரூ. ........ தொகையைச் சங்கத்தின் மூலநிதியில் சேர்க்க வேண்டும். அசலைச் செலவு செய்யக் கூடாது. அதிலிருந்து வரும் வருவாயைக் கொண்டு, இயன்ற அளவில், ஒவ்வோர் ஆண்டும் ........ நாளில் பசித்தவர்களுக்கு உணவளிக்க வேண்டும். வருவாய் போதாத காலத்தில் இக்கட்டளையைப் பிற நினைவு நாள் கட்டளைகளோடு சேர்த்து நடத்தச் சங்கத்துக்கு உரிமை உண்டு."

'இயன்ற அளவில்' என்ற இரண்டு சொல்லும் கடைசி வாக்கியமும் சலவைக்கல் பாட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை. ரசீதுப் புத்தகமும் தனியாக, வேறு நிறத்தில் வைத்திருக்கிறோம். எங்களுடையது மஞ்சள்.

சங்கத்துக்கு 12ஏபி பதிவும் (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு) 80ஜி ஒப்புதலும் (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனாலும் கொடுப்பவர்கள் "80ஜி உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒப்புதலுக்குக் காலாவதி உண்டு. முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி வையுங்கள். வரிச்சலுகை எல்லாருக்கும் கிடைக்காது: பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும், அதுவும் எங்களைப் போன்ற சங்கத்துக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்கு, வருமானத்தை ஒட்டிய உச்சவரம்போடு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பான் எண் வாங்கத் தவறாதீர்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடை விவர அறிக்கை தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் சான்றிதழைத்தான் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

சமயச் சார்புள்ள சங்கங்கள் விதிமுறைகளை ஒரு முறை பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஒரு குறிப்பிட்ட சமயத்தாரின் அல்லது சாதியாரின் நலனுக்கு என்று இருந்தால் 80ஜி கிடைக்காது. எங்கள் பழைய விதிகளில் 'சன்மார்க்க அன்பர்களுக்கு உணவளித்தல்' என்று இருந்தது. யாரோ ஆர்வத்தில் எழுதியது. 'சாதி, சமயம், இனம் பாராமல் பசித்த எவருக்கும்' என்று திருத்தினோம். வடலூரில் தொடங்கும்போதே அப்படித்தானே. வழிபாட்டுச் செலவு மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கெண்ணெய்க் கணக்கைச் சமையல் எண்ணெய்க் கணக்கோடு கலக்காதீர்கள்.

அந்த 85 விழுக்காட்டு விதியைச் சொன்னதும் சிலர் கேட்பார்கள்: அப்படியானால் வட்டியில் பாதிக்கு நெருக்கமாக அசலோடு சேர்ப்பது எப்படி? விதி வட்டியை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, மொத்த வருமானத்தைப் பார்க்கிறது. எங்களுக்கு அன்றாட நன்கொடை 10,60,000, வட்டி 1,40,000, ஆக 12 லட்சம் என்று வையுங்கள். சாப்பாட்டுச் செலவு 365 நாளுக்கு 10,22,000. அதுவே 85 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதி ஒன்றே முக்கால் லட்சத்தைச் சொச்சத்தோடு மூலநிதியோடு சேர்த்து வைக்கச் சட்டமே இடம் தருகிறது.

புதுச்சேரிப் பக்கத்துச் சங்கங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பேச்சு, சாப்பாடு, கோயில் எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் சட்டப்படி அவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. புதுச்சேரி வங்கியிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை இருந்தாலும் அதே கதைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற்று, புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு திறந்த பிறகே வாங்க வேண்டும். பதிவு கேட்கச் சங்கம் மூன்று ஆண்டாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சமாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒரு லட்சத்துக்குக் காசோலை எழுதிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வாங்க முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு ஞாயிறு வந்து காய் நறுக்குகிறார். கையுழைப்பைச் சட்டம் நன்கொடை என்று எண்ணுவதில்லை.

நிலம் தர வருகிறவர்களும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் நாற்பது சென்ட் முந்திரித் தோப்பு, என்று ஆரம்பிப்பார்கள். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தனிப் பட்டா, எல்லா வாரிசுகளின் கையெழுத்து இந்த மூன்றும் இல்லாமல் தலையாட்டாதீர்கள். குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்டுக்கு உள்ள முத்திரைத்தாள் சலுகை சங்கத்துக்குக் கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஒரு தோப்பு வந்தது. முந்திரியைவிட வழக்குத் தேதிகள்தான் அதிகம் காய்த்தன. இப்போது, விற்றுப் பணமாகக் கொடுங்கள் என்று கைகூப்பிவிடுகிறேன்.

காப்பது

1998இல் அன்றைய நிர்வாகிகள் 60,000 ரூபாயை நூற்றுக்குப் பதினெட்டு தருவதாகச் சொன்ன ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டார்கள். இரண்டு ஆண்டு வட்டி ஒழுங்காக வந்தது. மூன்றாம் ஆண்டு கதவில் பூட்டு தொங்கியது. சட்டமே அனுமதிக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறது: அட்டவணை வங்கி வைப்பு, அரசுக் கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் போன்றவை. சீட்டு, உறுப்பினருக்குக் கைமாற்று, நகைக்கடைத் திட்டம் எல்லாம் தவறு, வரிவிலக்குக்குச் சிக்கல் வரும். நாங்கள் வங்கி வைப்போடு நிறுத்திக்கொண்டோம். ஐந்தாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். வட்டி இறங்கினாலும் மொத்தமும் ஒரே நாளில் அடிபடாது. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம்வரைதான் என்பதால் ஒரே வங்கியில் குவிக்கவும் வேண்டாம்.

வங்கியில் இருந்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வைப்பை உடைக்காமலே அதன்மீது கடன் வாங்க முடியும். ரசீது பெட்டியில் பத்திரமாக இருக்கும், பணம் வெளியே போயிருக்கும். பொதுக்குழுத் தீர்மான நகல் இல்லாமல் இந்த வைப்புகள்மீது கடன் தரக்கூடாது என்று தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு வங்கிக்குக் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பிறகு, புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் சமையற்கூடத்துக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனது. மறுவாரம் கூடிய கூட்டத்தில், தற்காலிகமாக மூலநிதியிலிருந்து ஒன்றரை லட்சம் எடுப்போம், ஆறு மாதத்தில் வைத்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நானும் கை தூக்கினேன். திரும்ப வைத்து முடிக்க 2018 ஆகிவிட்டது. இடையில் ஆறு கட்டளைகள் நின்றன. இன்றைக்கு விதிமுறையில் இருக்கிறது: அசலைத் தொடப் பொதுக்குழுவில் முக்கால் பங்கு வாக்கு வேண்டும், திருப்பி வைக்கும் தவணைப் பட்டியலும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், மூலநிதிக்குப் பக்கத்தில் தனியாக ஓர் இடர்நிதி. ஆண்டு வரவில் நூற்றுக்கு இரண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பொங்கி வந்து உக்கிராண அறையில் இடுப்பளவு நின்றபோது பதினோரு மூட்டை அரிசியும் ஒரு குளிர்பெட்டியும் போயின. மூன்றாம் நாள் அடுப்பு எரிந்தது. மூலநிதியைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேச்சே எடுக்கவில்லை.

கொடுத்தவருக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்த நாளில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், என்ன சமைத்தோம், வட்டி எவ்வளவு வந்தது, அசலோடு எவ்வளவு சேர்ந்தது. நான்கு வரி போதும். கூடவே பந்தியின் புகைப்படம், சாப்பிடுகிறவர்களின் முகம் தெரியாமல்.

இனி, செத்த கட்டளைகள். உங்கள் சுவரிலும் இருக்கும். எங்கள் பேரேட்டில் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்வரை கொடுத்த 31 பழைய பெயர்கள் இருந்தன. தனித்தனியாக ஒன்றுக்கும் உதவாது, கூட்டினால் 78,500. முகவரி கிடைத்த பத்தொன்பது குடும்பங்களுக்குப் பதிவுத் தபால் அனுப்பி, சம்மதம் எழுதி வாங்கினோம். மற்றவற்றுக்குப் பொதுக்குழுத் தீர்மானம். எல்லாவற்றையும் ஒரே கட்டளையாக்கி ஐப்பசி 9 அன்று வைத்தோம்; சலவைக்கல் இருப்பதால் அந்தத் தேதி. அந்த இளைஞரின் சம்மதக் கடிதமும் வந்தது, கூடுதல் தொகை பற்றி யோசித்துச் சொல்வதாக ஒரு வரியோடு. இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு 31 பெயர்களையும் வாசிக்கிறோம். முதல் வருடம் பரிமாறிய பிறகு வாசித்தோம். இலையில் சோறு ஆறுகிறது என்று சமையல் அம்மாள் சத்தம் போட்டார். அதனால் இப்போது இலை போடுவதற்கு முன்பே, கை கழுவ வரிசையில் நிற்கும்போது வாசித்து முடித்துவிடுகிறோம்.